நாய் வளர்க்கிற வீட்டில் கிறிஸ்மஸ் ஜோடனை

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடிந்துவிட்டால் எங்கள் நாகர்கோவில் பக்கம் அடுத்து கிறிஸ்மஸ்தான். திருவிழாக் கடைகளைப் பிரித்து முடிப்பதற்குள் ஸ்டார் கடைகள் வந்துவிடும். சவுக்குக் கிளை வெட்டிக் கொண்டு போகிறவர்கள், குடிலுக்கு வைக்கோல் தேடி அலைகிறவர்கள், பரணில் கிடந்த போன வருஷத்து சீரியல் லைட்டை இறக்கி எந்த பல்பு எரியவில்லை என்று பார்க்கிறவர்கள் என்று ஊரே பரபரப்பாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், கூடவே இரண்டு நாய்கள். கருப்பி வயசான நாட்டு நாய், ஜோடனையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பிரவுனி லாப்ரடார் குட்டி. கண்ணில் படுவதை எல்லாம் கடித்துப் பார்க்கிற வயசு.

நாய் இருக்கிற வீட்டில் கிறிஸ்மஸுக்கு என்ன கவனமாக இருக்க வேண்டும் என்று இணையத்தில் தேடினால் மிசில்டோ, ஹாலி, நிஜப் பனி, கணப்பு அடுப்பு என்று வருகிறது. இதில் ஒன்றுகூட நம் வீடுகளில் கிடையாது. ஆனால் நம் வீடுகளில் இருக்கிற, வாசல் அலங்காரத்துக்குக் கட்டுகிற சைக்கஸ் செடியின் ஓலையும், மரத்தில் ஒட்டுகிற பஞ்சும், கொல்லைப்புறத்தில் கொட்டுகிற வைன் சக்கையும், நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தெருவெல்லாம் வெடிக்கிற வெடியும் அந்தப் பட்டியல்களில் இல்லை. அதனால்தான் நம் வீட்டைப் பார்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மரம். நம் பக்கம் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான், ஒரு வாளியில் மண்ணைப் போட்டு நட்டு வைப்போம். வாளி மண்ணில் கிளை நிற்கும், ஆனால் இருபது கிலோ நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்து மோதினால் நிற்காது. அடியில் கருங்கல் போட்டு இறுக்கி, மேல்பகுதியை ஜன்னல் கம்பியோடு நைலான் கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். இன்னொரு விஷயம், ஆண் நாய் இருக்கிற வீட்டில் வெளியிலிருந்து வெட்டி வந்த மரத்தை உள்ளே வைத்தால் அது நேராகப் போய்க் காலைத் தூக்கும். அதன் குற்றம் இல்லை. மரத்தைப் பார்த்தால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆனால் அதே மரத்தில் மின்சார லைட் சுற்றியிருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் கிடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் மரத்தைக் கனமான மர மேசை மேல் ஏற்றி, மூலையில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டோம். முதல் இரண்டு நாள் எதையும் தொங்கவிடாமல் வெறும் கிளையை மட்டும் வைத்துவிட்டு, நாய்கள் வேண்டிய மட்டும் மோந்து பார்க்க விடுங்கள். புதுப்பொருள் பழகிப் போனால் பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு உறுதியான கருத்துதான் உண்டு. நாய் வாய் எட்டுகிற உயரத்துக்குக் கீழே கிறிஸ்மஸ் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் மேலே ஏற்றுங்கள். இதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, நம் ஊர் கிறிஸ்மஸின் அழகே ஸ்டார்தானே? அது எப்போதும் வாசலுக்கு மேலே, மொட்டை மாடிக் கம்பத்தில், தென்னை மர உச்சியில்தான் தொங்குகிறது. உத்தரத்திலும் ஜன்னல் நிலையிலும் கலர் தாளும் ஓலை நட்சத்திரமும் கட்டினால் வீடு நிறைந்துவிடும். மணப்பாடு பக்கம் பனை ஓலையில் அருமையாகக் கைவேலை செய்கிறார்கள். ஓலையில் முடைந்த நட்சத்திரம் கீழே விழுந்து நாய் ஒரு கடி கடித்தாலும் உடைந்து வாயைக் கிழிக்காது. கண்ணாடி உருண்டை அப்படி இல்லை. பளபளவென்று ஆடுகிற உருண்டை நாய்க்குப் பந்து, அவ்வளவுதான், கவ்விய உடனே நொறுங்கி நாக்கிலும் ஈறிலும் ஏறிவிடும். கண்ணாடி உருண்டை வேண்டும் என்றால் மரத்தின் உச்சியில் மட்டும் கட்டுங்கள், அதுவும் கம்பிக் கொக்கியில் மாட்டாமல் நூலால் கிளையோடு முடிச்சுப் போட்டு.

ஜிகினாத் தோரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தேன். என் சித்தி வீட்டு பொமரேனியன் ஒரு கிறிஸ்மஸ் சமயம் சாப்பிடாமல் படுத்துவிட்டது. தண்ணீர் குடித்தால் வாந்தி, வயிற்றைத் தொட்டால் முனகல். பண்டிகைப் பலகாரம் சேரவில்லை என்று ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்தார். எடுத்ததை ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார். ஒரு முழத்துக்கும் கூடுதலாக ஜிகினா, வெள்ளிச் சாயமெல்லாம் போய்க் கறுத்து நூலாகத் திரிந்து கிடந்தது. ஒரு முனை இரைப்பையில் மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போக, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவது மாதிரி குடல் முழுக்கச் சுருங்கிவிடுமாம். அப்புறம் அந்த நூலே குடல் சுவரை உள்ளிருந்து அறுக்க ஆரம்பிக்கும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார். அந்த நாய் பிழைத்தது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் ஜிகினா வாங்குவதே இல்லை. ஒருவேளை உங்கள் நாயின் வாயிலோ பின்பக்கத்திலோ ஜிகினாவோ நூலோ தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது, எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பனி என்று சொல்லி மரத்தில் பஞ்சு ஒட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தெர்மோகோலைத் தேய்த்து உதிர்ப்பதும் உண்டு. பஞ்சு விஷம் இல்லை, ஆனால் விழுங்கினால் உள்ளே போய் நனைந்து திரண்டு குடலை அடைத்துக்கொள்ளும். இந்த ஊர் வெயிலுக்கு மரத்தில் பனி எதற்கு என்று எனக்கு எப்போதுமே தோன்றும். விட்டுவிடலாம்.

குடிலுக்கு வருவோம். கேழ்வரகையும் நெல்லையும் தட்டில் முளைக்க வைத்துப் பச்சைப் பசேலென்று வயல் செய்து, ஆற்று மணலில் பாதை போட்டு, வைக்கோல் வேய்ந்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பிள்ளைகள் நாள் கணக்கில் உட்கார்ந்து செய்வார்கள். நாய்க்கு அது மணலும் வைக்கோலும் கலந்த நல்ல படுக்கை. பிரவுனி முதல் நாளே மேய்ப்பர்களைத் தள்ளிவிட்டு நடுவில் சுருண்டு படுத்தான், பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். அசிசி பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோவில் முதன்முதலாகக் குடில் வைத்தபோது நிஜ மாட்டையும் கழுதையையும்தான் கொண்டு வந்து நிறுத்தினார். குடிலில் பிராணிக்கு இடம் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபத்தைக் கடித்தால் துண்டு துண்டாக உடையும், விழுங்கினால் அடைத்துக்கொள்ளும், மேலே பூசிய பெயின்ட் வேறு. அதனால் குடிலும் பெஞ்சின் மேல்தான். கீழேதான் வைக்க வேண்டும் என்றால் சுற்றிலும் குழந்தைகளுக்கு வைக்கிற தடுப்பு மாதிரி ஒரு வேலி வையுங்கள். சுரூபங்கள் துணியிலோ தேங்காய் நாரிலோ செய்தது கிடைத்தால் நல்லது. களிமண் ஆட்டுக்குக் கண் வைக்கக் குண்டுமணி மட்டும் வேண்டாம். ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், மென்று உடைத்துவிட்டால் கொடிய விஷம்.

பச்சை இலை அலங்காரத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது சைக்கஸ். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாசல் வளைவு கட்டுகிறவர்கள் அந்த ஓலையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள், நாள்பட வாடாது, பார்க்க அழகு. அந்தச் செடியின் எல்லாப் பாகமும் நாய்க்கு விஷம், விதை இன்னும் மோசம். தின்றால் முதலில் வாந்தி, அப்புறம் இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுப்போகும். சிகிச்சை கொடுத்தும் பிழைக்காத நாய்கள் நிறைய. தொட்டியில் வளர்க்கிறவர்கள் கிறிஸ்மஸுக்கு மட்டும் இல்லை, எப்போதுமே யோசிக்க வேண்டும். அரளியும் அப்படித்தான், பூவைக்கூட நாய் எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், அது இதயத்தைத் தாக்கும். டிசம்பர் மாதம் நர்சரிகளில் விற்கிற சிவப்பு இலை பாயின்செட்டியாவுக்கு இருக்கிற கெட்ட பெயர் கொஞ்சம் அதிகம். அதன் பால் பட்டால் வாய் எரிச்சலும் வாந்தியும் வரும், பெரும்பாலும் அதோடு சரி. மாவிலையும் தென்னங்குருத்தும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

இனி லைட். விலை குறைந்த சீரியல் செட்டுகள் பல நேராக 230 வோல்ட் மெயினில் ஓடுகிறவை, வயர் மேல் உறை தாள் மாதிரிதான் இருக்கும். குட்டி நாய்க்குப் பல் ஊறுகிற நேரத்தில் கிடைத்தால் ஒரு நிமிஷ வேலை. வாய் வெந்து போவது கண்ணுக்குத் தெரியும், தெரியாத ஆபத்து நுரையீரலில் நீர் கோர்ப்பது. அது ஷாக் அடித்த உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரும், அதனால் எழுந்து நடக்கிறதே, வாலாட்டுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, காட்டியே ஆக வேண்டும். நாய் வயரைக் கவ்வியபடியே விறைத்துக் கிடந்தால் முதலில் ஓட வேண்டியது மெயின் சுவிட்சுக்கு. நாயைத் தொட்டால் உங்களுக்கும் அடிக்கும். அடாப்டர் வைத்த குறைந்த வோல்ட் லைட் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தரையில் ஓடுகிற வயரை பிவிசி கேசிங் பட்டிக்குள் விட்டு மூடுங்கள். போர்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், இல்லாத வீடு என்றால் இதைச் சாக்காக வைத்தாவது வயரிங் வேலை செய்கிற அண்ணனைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள், அது மனுஷருக்கும் சேர்த்துத்தான். இரவு படுக்கும்போதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சின்ன எல்இடி மெழுகுவர்த்திகளில் பட்டன் பேட்டரி இருக்கும், அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாக ஆரம்பித்துவிடும். எனக்கு இந்த வரிசையில் அதிகம் பயமாக இருப்பது அதுதான், ஏனென்றால் அது காணாமல் போனதே நமக்குத் தெரியாது.

ஜோடனை மட்டும் பண்டிகை ஆகாது, மேசையில் இருப்பதும் சேர்த்துத்தான். பிளம் கேக்கில் உலர்திராட்சை, அதுவும் மாதக் கணக்கில் ரம்மில் ஊறியது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று ஒரு கணக்கு கிடையாது. காரணம் பல வருஷமாகத் தெரியாமல் இருந்தது, 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. நம் வீட்டு நாய்களுக்கு மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் திராட்சை வைன் போடுகிறவர்கள் வடிகட்டிய சக்கையைத் தென்னை மூட்டில் கொட்டுவார்கள். சாராயமும் திராட்சையும் சேர்ந்து இனிப்பு வாசத்தோடு கிடந்தால் எந்த நாய் விடும்? மூடி உள்ள தொட்டியில் போடுங்கள்.

சாக்லேட் கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு என்பது தெரியாது. 10 கிலோ நாய் 100 கிராம் பால் சாக்லேட் தின்றால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைவது என்கிற அளவில் தொடங்கும். அதே 100 கிராம் டார்க் சாக்லேட் என்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகி வலிப்பு வரை போகலாம். கோகோ பவுடர் அதைவிட மோசம். சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத பொருள் தியோப்ரோமின், அது நாய் உடம்பிலிருந்து வெளியேற ரொம்ப நேரம் எடுக்கும், அதனால் காலையில் தின்றது ராத்திரியும் வேலை காட்டும். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்று செய்கிற இனிப்பிலும் சூயிங்கத்திலும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற சைலிட்டால் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையை அரைமணி, ஒரு மணி நேரத்தில் கீழே தள்ளிவிடும்.

எங்கள் வீட்டில் இதில் பெரிய போராட்டம் அம்மாவோடுதான். முந்திரிக்கொத்து சுடும்போது பிரவுனி அடுக்களை வாசலில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பான். "பாவம் பிள்ளே, வாயையே பாத்துட்டு இருக்கு, ஒரு துண்டு போட்டா என்ன ஆயிரும்?" என்பாள். முந்திரிக்கொத்தில் பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான், விஷம் ஒன்றும் கிடையாது, ஆனால் எண்ணெயில் பொரித்தது. பண்டிகை நாளில் ஆளுக்கு ஒரு துண்டு என்று வீட்டில் உள்ள ஏழு பேர் போட்டால் கணையம் வீங்கி டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வரும். ஆகவே அம்மாவுக்கென்றே ஒரு டப்பா வைத்திருக்கிறோம், மஞ்சள்கூடப் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறித் துண்டுகள், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. யாருக்கு நாய் மேல் பாசம் பொங்குகிறதோ அவர்கள் அதிலிருந்து எடுத்துப் போடலாம். வீட்டுக்கு வருகிற மாமி, பெரியப்பாவுக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். கறி எலும்பு கூடவே கூடாது, வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். பிரியாணியில் உள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும்.

எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றுகிற வைத்தியம் வேண்டாம், அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன, இந்த நாலும் சொல்லத் தெரிந்தால் டாக்டர் போனிலேயே பாதி முடிவு எடுத்துவிடுவார். 24-ஆம் தேதி ராத்திரியும் 25-ஆம் தேதியும் எந்த டாக்டர் ஊரில் இருப்பார் என்று முன்பே கேட்டு நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். எங்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி, போய்ச்சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேரல் ரவுண்ட்ஸ் வருகிற ராத்திரிகளில் டிரம் சத்தம் தெரு முனையில் கேட்கும்போதே நாய்களைப் பின்னறைக்குக் கொண்டு போய்விடுங்கள். முகமூடி போட்டு ஆடிக்கொண்டு வருகிற கிறிஸ்மஸ் தாத்தா பிள்ளைகளுக்கு வேடிக்கை, நாய்க்கு முகம் தெரியாத ஆள். பாடுகிறவர்களுக்காக கேட்டைத் திறந்தே வைத்திருப்போம், நாய் ஓடிப்போவதும் அந்த நேரத்தில்தான். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய வில்லை இருக்கட்டும்.

வெடிதான் கடைசி, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். நம் மாவட்டத்தில் தீபாவளிக்குச் சமமாகக் கிறிஸ்மஸுக்கும் வெடிப்பார்கள், நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆரம்பிக்கும். கருப்பிக்கு மரமும் குடிலும் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் முதல் வெடிக்கே நடுங்கிப்போய் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொள்வாள், எச்சில் வடிந்து நெஞ்சு முழுக்க நனைந்திருக்கும். பயப்படும்போது கொஞ்சினால் பயம் கூடும் என்று சொல்வார்கள், அதில் உண்மை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுங்கள், அது வேண்டும் என்றால். சாயங்காலமே நன்றாக நடக்க விட்டு, இருட்டுவதற்கு முன் சோறு போட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். ரொம்பப் பயப்படுகிற நாய்க்கு டாக்டரிடம் இரண்டு வாரத்துக்கு முன்பே போய்க் கேட்டால் பயத்தைக் குறைக்கிற மருந்து தருவார். வீட்டில் இருக்கிற தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். வெறும் மயக்கம் தருகிற சில மருந்துகளில் உடம்பு மட்டும் அசையாது, பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

எல்லோரும் நள்ளிரவு ஆராதனைக்குப் போய்விட்டால் நாய்களோடு யார் இருப்பது? எங்கள் வீட்டில் ஒருத்தர் இருந்துவிட்டு மறுநாள் காலை ஆராதனைக்குப் போவது என்று முறை வைத்திருக்கிறோம். அப்பாவே பெரும்பாலும் அந்த முறையை எடுத்துக்கொள்வார். கருப்பி தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள், அவர் ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் வாசலைப் பெருக்காமல் நாயை வெளியே விடக் கூடாது, வெடிக்காமல் கிடக்கிற வெடியின் மருந்தும் விஷம்தான்.

பல வீடுகளில் ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரைக்கும் ஜோடனை இருக்கும். அதற்குள் சவுக்கு காய்ந்து ஊசி உதிர்ந்து தரையெல்லாம் கிடக்கும், கட்டிய கயிறு தளர்ந்திருக்கும், காய்ந்த மரத்தில் லைட் எரிவது நெருப்புக்கும் வழி. புது வருஷம் முடிந்ததும் மரத்தை மட்டுமாவது எடுத்துவிடுங்கள், ஸ்டார் இருக்கட்டும். எடுத்த குப்பையைத் தெருமுனையில் கொட்ட வேண்டாம். சைக்கஸ் ஓலையையும் பேட்டரியையும் கேக் மிச்சத்தையும் அங்கே கிளறித் தின்கிற தெருநாய்களுக்கு டாக்டர் நம்பர் ஒட்டிய ஃபிரிட்ஜ் கிடையாது. ஓலையை வெட்டி உரக்குழியில் போட்டு மேலே மண்ணைத் தள்ளி, நாய் தோண்டாதபடி ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள்.